கதிரையின் நாலாவது கால்

வன்னியில், புதுக்குடியிருப்புச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால், ஒரு வேம்பின் கீழ் ஓடாவியார் ஒருவரின் வேலைக் கொட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் அங்கே நின்றுவிடுவேன். சீவுளியின் வாயிலிருந்து முதிரைச் சீவல் சுருள் சுருளாக வந்து விழும். வெயில் பட்டால் பட்டுத்துணி போல மினுங்கும். ஒரு சுருளை மூக்கில் வைத்து மணந்தபடியே வீடு வந்து சேர்ந்த நாள்கள் பல.

அப்பாச்சிக்கு ஒரு கதிரை செய்து தரும்படி அப்பா அவரிடம் கேட்டிருந்தார். அவர் அளவெடுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். கதிரைக்கு என்ன அளவு, கதிரை என்றால் கதிரைதானே என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்பாச்சியை விறாந்தைக் குந்தில் இருத்தி, "அம்மா, காலைத் தொங்கப் போட்டுச் சும்மா இருங்கோ" என்றார். மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். குதிக்காலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். பின்மடிப்பிலிருந்து இடுப்பின் பின்புறம் வரை பிடித்து, அதில் மூன்று விரல் குறைத்து இன்னொரு முடிச்சு. இருக்கையிலிருந்து முழங்கை வரை மூன்றாவது முடிச்சு. எதையும் எழுதி வைக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்த முடிச்சுகளின் அருமை எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது. இருக்கை முழங்கால் மடிப்பை விட உயர்ந்தால், கதிரையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். அங்கே ஓடும் இரத்தக் குழாய்களும் நரம்பும் நெரிபட்டுக் கால் விறைக்கும். இருக்கை தாழ்ந்தால் முழங்கால் மேலே எழும்பி, உடலின் பாரம் முழுக்க இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் குவியும். மூன்று விரலைக் குறைத்ததும் காரணத்தோடுதான். இருக்கை அளவுக்கு மிஞ்சி ஆழமானால், முதுகு சாய்மானத்தைத் தொடுமுன்பே முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் வெட்டும். கைப்பிடி முழங்கைக்கு மேலே நின்றால் இருக்கும் நேரமெல்லாம் தோள் தூக்கிக்கொண்டே நிற்கும். இன்று பணிச்சூழலியல் என்று இதற்கு ஒரு படிப்பே உண்டு. ஓடாவியாருக்கு அது ஒரு முழக் கயிறு.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய கட்டடக் கலைஞர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு விஷயம் என்னை வியக்க வைத்தது. அவர்களில் மிகப் பலர் கதிரை செய்திருக்கிறார்கள். மாடமாளிகையும் விமான நிலையமும் கட்டியவர்கள், ஒரு கதிரைக் காலின் வளைவுக்காக மாதக்கணக்கில் மினக்கெட்டிருக்கிறார்கள். நியூயோர்க்கில் சீகிராம் கட்டடத்தை எழுப்பிய மீஸ் வான் டெர் ரோ, வானளாவிய கட்டடத்தை விடக் கதிரைதான் கடினமானது என்று கருதியவர். முதலில் அது எனக்குப் பெருந்தன்மைப் பேச்சாகப் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வெறும் உண்மை.

ஒரு சுவருக்கு வரும் பாரம் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குகிறது. கதிரைக்கு வரும் பாரமோ உயிருள்ளது. அது சரியும், நெளியும், முன்னே குனியும், பின்னங்கால் இரண்டில் மட்டும் நின்று ஆடும். சாய்மானத்தின் மேல்நுனியில் முதுகு பின்னுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் இருக்கைச் சட்டத்துக்கு 45 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. சட்டம் பின்காலுக்குள் நாக்கு நீட்டி இறுகியிருக்கும் பொருத்தின் உயரம் 5 சென்ரிமீற்றர். நெம்புகோல் கணக்குப்படி, முதுகு ஒரு பங்கு தள்ளினால் அந்தப் பொருத்தை ஒன்பது பங்கு விசை பிய்க்கப் பார்க்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை, வருடக்கணக்காக. பழைய கதிரை எங்கே உடைகிறது என்று உங்கள் வீட்டில் பாருங்கள். அநேகமாக அந்தப் பின்கால் பொருத்திலேதான்.

இவ்வளவையும் தாங்க வேண்டிய பொருளை ஒரு கையால் தூக்கவும் முடியவேண்டும். வீட்டை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

அடுத்தது கால்களின் சங்கதி. மூன்று கால் முக்காலி எந்த நிலத்திலும் ஆடாது. எந்த மூன்று புள்ளியை எடுத்தாலும் அவை ஒரே தளத்தில் அமைந்துவிடும். நாலாவது புள்ளி வந்தால்தான் வம்பு. சாணி மெழுகிய நிலத்தில் நம் முன்னோர் முக்காலியை நம்பியதற்குக் காரணம் இதுதான். ஆனால் முக்காலிக்கு வேறொரு குறை உண்டு. இருப்பவரின் பாரம் மூன்று காலும் வகுக்கும் முக்கோணத்துக்கு வெளியே போனால் ஆள் கவிழ்வார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட், ஜோன்சன் வாக்ஸ் அலுவலகத்துக்கு மூன்று கால் கதிரை செய்து கொடுத்தார். நிமிர்ந்திருந்தால்தான் அதில் நிலைக்கலாம். சரிந்திருந்தவர்கள் விழுந்தார்கள், ரைட்டே ஒருமுறை விழுந்ததாகக் கதை உண்டு. பிறகு அதற்கு நாலாவது கால் வந்தது.

அப்பாச்சிக்கு வேறொரு வைத்தியம் தெரியும். முற்றத்தில் கதிரை ஆடினால், "கொஞ்சம் திருப்பிப் போடு மோனை" என்பார். இருந்த இடத்திலேயே கொஞ்சம் சுற்றினால் கதிரை நின்றுவிடும். இது வெறும் கைப்பழக்கம் என்றே நினைத்திருந்தேன். நாலு காலும் ஒரே நீளமாக, சதுரமாக அமைந்த ஒரு மேசையை, கடும் சரிவோ திடீர்ப் பள்ளமோ இல்லாத கரடு நிலத்தில் வைத்துச் சுற்றினால், கால்வட்டம் சுற்றுவதற்குள் நாலு காலும் நிலத்தைத் தொடும் ஓர் இடம் கட்டாயம் உண்டு என்று கணிதத்தில் நிறுவியிருக்கிறார்கள். விளக்கம் எளிது. மூன்று கால் ஊன்றி, ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது. கால்வட்டம் சுற்றியதும் அந்தக் காலின் இடத்துக்கு ஊன்றியிருந்த கால் வருகிறது. முன்பு நிலத்துக்கு மேலே இருந்த நிலை, பின்பு நிலத்துக்குக் கீழே போகவேண்டிய நிலையாகிறது. மேலிருந்து கீழே போகும் எதுவும் நடுவில் எங்கோ நிலத்தைத் தொட்டுத்தானே போகவேண்டும்? அந்த இடத்தில் நிறுத்தினால் மேசை ஆடாது.

கட்டடக் கலைஞர் கதிரைகளில் என் மனதுக்கு மிகக் கிட்டியது ஒரு சைக்கிளில் பிறந்தது. 1925இல், ஜேர்மனியின் டெசாவ் நகரில் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் தளபாடப் பட்டறையை நடத்திய மார்செல் பிரோயருக்கு வயது 23. ஹங்கேரியில் பிறந்தவர். அட்லர் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓடித் திரிந்தார். அதன் கைபிடியைப் பார்த்தபடி அவர் யோசித்தது இவ்வளவுதான்: ஆளைச் சுமக்கும் இந்த உருக்குக் குழாய் இப்படி வளைகிறது, இவ்வளவு இலேசாகவும் இருக்கிறது, இதில் ஏன் கதிரை செய்யக்கூடாது? குழாயை வளைத்து ஒட்ட ஒரு குழாய் வேலைக்காரரின் உதவியைப் பெற்றார். இருக்கைக்கும் முதுகுக்கும் துணியை இழுத்துக் கட்டினார். பிற்காலத்தில் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தைக் கட்டிய அதே பிரோயர்தான். அந்தக் கதிரை நூறு வருடம் தாண்டியும் விற்கிறது.

குழாய்க்கு அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு தடியை இரு கையாலும் பிடித்து வளையுங்கள். மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசியும். நடுவிலுள்ள மரத்துக்கோ ஏறக்குறைய வேலையே இல்லை. இழுவையும் நசிவும் வெளித்தோலில்தான் உச்சம். ஆகவே நடுவை எடுத்துவிட்டு அந்தப் பொருளை வெளிவட்டத்துக்குக் கொண்டுபோனால், அதே எடையில் பல மடங்கு விறைப்புக் கிடைக்கும். சைக்கிள் சட்டத்தின் இரகசியம் அதுதான்.

வன்னியில் இந்தப் பாடத்தைப் படிக்க சைக்கிள் தேவையில்லை. பனை தறிக்கும்போது நின்று பார்த்தால் போதும். வேம்பையும் முதிரையையும் போலப் பனை வளையம் வளையமாகப் பருப்பதில்லை; அது புல்லினத்தோடு உறவுள்ள ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் கறுப்பு நார்க் கட்டுகள் வெளிப்புறத்தில் நெருக்கி நெருக்கி நிற்கும். உள்ளே போகப் போகக் குறைந்து, நடுவில் வெறும் சோறுதான். வெளிப்புறம் கோடரியின் வாயை மடிக்கும். நடுவைக் கையால் கிள்ளலாம். அடியிலிருந்து நுனிவரை காற்றுக்கு வளைந்து கொடுத்தே வாழும் மரத்துக்குப் பலம் வேண்டிய இடம் வெளித்தோல்; பலத்தை அங்கேதான் வைத்திருக்கிறது. வளை, சிலாகை எல்லாம் நாம் வைரம் பாய்ந்த அந்த வெளிப்புறத்திலிருந்து பிளந்தெடுப்பதும் அதனால்தான். பிரோயர் உருக்கில் செய்ததைப் பனை எத்தனையோ காலத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டது. எங்கள் வளவு எல்லையில் நின்ற பனைகளை அதற்குப் பிறகு நான் பார்த்த விதமே வேறு.

உருக்குக் கதிரை ஐரோப்பாவில் பரவத் தொடங்கியபோது, பின்லாந்தில் ஒருவர் அதை வேண்டாம் என்றார். அல்வார் ஆல்டோ. பைமியோ என்ற ஊரில் காசநோயாளருக்கு ஒரு வைத்தியசாலை கட்டிக்கொண்டிருந்தார். 1933இல் அது திறக்கப்பட்டது. காசத்துக்கு அன்று மருந்து இல்லை. நல்ல காற்று, வெயில், ஓய்வு இவைதான் சிகிச்சை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் மெலிந்த உடலுக்கு உருக்கு ஒத்துவராது என்று அவர் கண்டார். உருக்கு வெப்பத்தை வேகமாகக் கடத்தும். தொட்ட கையிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே குளிர்கிறது. மரம் மிக மெதுவாகத்தான் கடத்தும். நமக்கு இதே பாடம் தலைகீழாகத் தெரியும்: பங்குனி வெயிலில் கிடந்த இரும்புக் கதிரையில் இருக்கப் போனவர்கள் மறக்கமாட்டார்கள். பூர்ச்ச மரத்தை மெல்லிய தகடுகளாக்கி, ஒட்டி, வளைத்து, நெஞ்சு விரிந்து மூச்சு இலேசாக வரும் சரிவில் ஆல்டோ ஒரு கதிரை செய்தார். அவருடைய மனைவி ஐனோவும் கட்டடக் கலைஞர். அந்த வைத்தியசாலையின் தளபாடங்களில் அவருக்கும் பங்கு உண்டு.

அங்கே கதிரையை விட என்னைத் தொட்டது ஒரு கைகழுவும் தொட்டி. அறைக்கு இரண்டு நோயாளிகள். ஒருவர் இரவில் எழும்பிக் கைகழுவினால் மற்றவரின் நித்திரை குழம்பும். தண்ணீர் தொட்டியின் சுவரில் சாய்வாகப் பட்டு வழுக்கி இறங்கும்படி தொட்டியின் வடிவத்தை ஆல்டோ மாற்றினார். செங்குத்தாக விழுந்தால்தான் தண்ணீர் சத்தம் போடும்; சாய்ந்து விழுந்தால் போடாது. ஒரு பெரிய வைத்தியசாலை முழுவதையும் கட்டுகிற மனிதர், பக்கத்துக் கட்டில்காரரின் நித்திரைக்காக ஒரு தொட்டியின் சரிவைக் கணக்குப் பார்த்திருக்கிறார்.

நம் தீவில் கட்டடக் கலையைப் பேசினால் ஜெஃப்ரி பாவாவின் பெயர்தான் முதலில் வரும். அவருக்கு முந்தி ஒருவர் உண்டு. கண்டியில் பிறந்து வளர்ந்த மினெட் டி சில்வா. 1951 அளவில் கண்டியில் அவர் கட்டி முடித்த கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய் நெசவாளரின் நெசவைக் கதவுப் பலகைகளுக்குள் பதித்தார். மாத்தளை அரக்குக் கைவினையைப் படிக்கட்டின் கைபிடிக்குக் கொண்டுவந்தார். பாய் என்பது விரிப்பதற்கு மட்டும் என்று எல்லோரும் இருந்த காலம் அது. பாயைக் கதவில் பார்க்க ஒரு கண் வேண்டும். அவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பாவா 1919இல் பிறந்தவர். முதலில் சட்டத்தரணி. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, லுணுகங்கை என்ற தோட்டத்தை ஆக்கத் தொடங்கினார். அதைச் செய்யப்போய்த் தன் அறிவு போதாது என்று உணர்ந்து, லண்டன் சென்று படித்து, 38 வயதில்தான் கட்டடக் கலைஞரானார். டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர் சில வருடம் அவரோடு இருந்தார். 1967 முதல் ஏறக்குறைய இருபது வருடம் அவருடைய கூட்டாளியாக நின்று, அவர் கண்ட கனவுகள் விழாமல் நிற்கக் கணக்குப் போட்டவர் ஒரு தமிழ்ப் பொறியியலாளர்: பூலோகசுந்தரம். கோட்டை நாடாளுமன்றக் கட்டடம் அந்தக் கூட்டில் வந்தது.

பாவா தளபாடத்துக்கு வந்த வழியில் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1960களிலும் 70களிலும் இலங்கை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வைத்தது. அந்தத் தடையில்தான் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிளகாயும் வெங்காயமும் காசாகின. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் குடியேறிய இளைஞர்கள் கிணறு வெட்டித் தோட்டம் செய்து தலையெடுத்தார்கள். அதே தடை, தெற்கே ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த பாவாவுக்கு வேறு பரீட்சை வைத்தது. வெளிநாட்டுக் கதிரை இல்லை, விளக்கு இல்லை, திரைத்துணி இல்லை. இருப்பது உள்ளூர் மரம், இரும்புக் கம்பி, பிரம்பு, தோல், சீமெந்து, கைத்தறி. பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் 1969இல் முடிந்தபோது அதன் வரவேற்பு மண்டபக் கூரையை எனா டி சில்வாவின் பத்திக் துணிகள் மூடின. பார்பரா சன்சோனியின் கைத்தறி அறைகளுக்குள் வந்தது. ஓவியர் லக்கி சேனநாயக்க பின்னாளில் நாடாளுமன்றச் சபைக்கு வெள்ளி ஓலைகளால் ஒரு பெரும் தொங்குவிளக்கே செய்தார். கட்டடக் கலைஞர், நெசவுக்காரி, ஓவியர், தச்சர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்து வேலை செய்த காலம் அது.

பாவாவின் வீட்டுப் பொருள்களில் எனக்கு விருப்பமானது சீமெந்து மேசையும் சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கைகளும்தான். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் அவருடைய 11ஆம் இலக்க வீட்டிலும் லுணுகங்கையிலும் இவற்றைக் காணலாம். இருக்கை தனிப் பொருளாக நில்லாமல் வீட்டின் உடம்பிலிருந்தே மடிந்து வருகிறது. வழுவழுவென்று தேய்த்த சீமெந்து. மேலே ஒரு மெத்தை. நமக்கு இது புதிதா? எங்கள் வீட்டுக் குந்தும் தமிழ்நாட்டுத் திண்ணையும் இதுவேதான். தடித்த சீமெந்துக்கும் மண்ணுக்கும் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவு அதிகம். ஆகவே இரவின் குளிர்ச்சி அதற்குள் தங்கி, நடுப்பகலில் முதுகுக்குக் கிடைக்கிறது. அந்த 11ஆம் இலக்க வீட்டில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய தூண்களும் நிற்கின்றன. அதே வீட்டின் சாப்பாட்டறையில் பாவா ஒரு வெளிநாட்டாரின் கதிரையை வைத்தார். ஈரோ சாரினெனின் ஒற்றைக்கால் துலிப் கதிரை. மேசைக்கு அடியில் கதிரைக் கால்கள் காடு போல மண்டுவதைப் பார்த்துச் சலித்து, பூத்தண்டு மாதிரி ஒரே தண்டில் நிற்கும்படி சாரினென் அதைச் செய்தார்.

லுணுகங்கைத் தோட்டத்தில் ஆங்காங்கே மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஓசை. பாவா வாழ்ந்த காலத்தில், அவர் எங்கே இருக்கிறார், தேநீர் எங்கே போகவேண்டும் என்பதை வேலையாட்கள் மணியின் ஓசையிலேயே அறிந்துகொள்வார்கள். 2009இல் எனா டி சில்வாவின் கொழும்பு வீடு விற்கப்பட்டபோது, பாவா அறக்கட்டளையினர் அதைக் கல் கல்லாக, ஓடு ஓடாகப் பிரித்து, இலக்கமிட்டு, லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். முடிக்க ஏழு வருடம் எடுத்தது. அதே 2009இன் தொடக்கத்தில், போரில் இடம்பெயர்ந்தபோது, எங்கள் ஊரிலும் வீடுகள் பிரிக்கப்பட்டன. கூரைத் தகரம், யன்னல், கதவு எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. இலக்கமிட நேரம் இருக்கவில்லை. அப்பாச்சியின் கதிரை ஏறவில்லை. தையல் மெசினுக்கும் அரிசி மூட்டைக்கும்தான் இடம் இருந்தது.

குடிபெயர்ந்தவர்களின் நகரம் என்றால் இந்தியாவில் சண்டிகரைச் சொல்லவேண்டும். 1947 பிரிவினையில் லாகூர் போய்விட, பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. அதுவும் ஒரு புதுக்குடியிருப்புத்தான். திட்டம் வகுத்த லெ கோர்பூசியேயின் பெயரை உலகம் அறியும். அங்கேயே தங்கி, 1951 முதல் 1965 வரை அதை நாளாந்தம் கட்டியவர் அவருடைய உறவினர் பியேர் ஜன்னரே. அலுவலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் எழும்புகின்றன. உள்ளே இருக்கக் கதிரை இல்லை. ஜன்னரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைபடம் போட்டார்கள். சுற்றியுள்ள பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழ் ஆங்கில வீ எழுத்துப் போல விரிந்த கால்கள். விரிந்த கால் முக்கோணமாகிறது. முக்கோணம் ஒன்றுதான் பக்கவாட்டில் தள்ளினாலும் நெளியாத வடிவம். தேக்கைக் கறையான் இலேசில் தீண்டாது. பிரம்புப் பின்னலின் கண்களுக்குள்ளால் காற்று ஓடும். அது உடலுக்கு ஏற்பத் தொய்ந்து பாரத்தைப் பரப்பும். தன் வீட்டுக்கு அவர் மூங்கிலிலும் கயிற்றிலும்கூடக் கதிரை செய்து பார்த்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விரும்பியபடி அவருடைய சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

பிறகு பிளாஸ்டிக்கும் இரும்பும் வந்தன. அந்தத் தேக்குக் கதிரைகள் மொட்டை மாடிகளில் மழையில் குவிந்தன. பழைய சாமான் விலைக்கு ஏலம் போயின. ஐரோப்பிய வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். செப்பமிட்ட கதிரைகள் பாரிஸிலும் நியூயோர்க்கிலும் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோன பின்புதான் ஊர் விழித்தது. 2011இல் இந்திய அரசு அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. இன்று ஒரு கதிரை உண்மையான சண்டிகர்க் கதிரைதானா என்று பார்க்க, அதன் முதுகில் ஏதோ ஓர் அலுவலக லிகிதர் வெள்ளைப் பூச்சால் எழுதிய இலக்கத்தைத்தான் தேடுகிறார்கள். வரைபடம் இருந்தது, இலக்கம் இருந்தது, அதனால் தப்பியது.

வரைபடமும் பெயரும் இல்லாத பொருள்களை யார் பார்ப்பது? 1958இல் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்த அமெரிக்கரான சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் பார்த்தார்கள். கட்டடமும் கதிரையும் செய்து புகழ்பெற்றவர்கள். தாங்கள் கண்ட பொருள்களிலெல்லாம் மிகச் சிறந்தது என்று அவர்கள் தம் அறிக்கையில் வியந்தது சாதாரணச் செம்பைத்தான். எவ்வளவு தண்ணீர், எந்த வாய், இடுப்பில் எப்படி இருக்கும், தலையில் எப்படி நிற்கும், வார்க்கும்போது எப்படிச் சாயும் என்று அவர்கள் கேள்விகளை அடுக்கிப் பார்த்தார்கள். தனி ஒருவர் வடிவமைத்தது அல்ல அது. தலைமுறை தலைமுறையாகக் கைகள் செதுக்கியது. அந்த அறிக்கையின் வழிவந்ததுதான் 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம்.

அவர்கள் எங்கள் மூக்குப்பேணியைக் கையில் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. பித்தளை வட்டப் பேணி. ஒரு பக்கம் சிறிய மூக்கு. அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடிக்கலாம். ஆகவே ஒரு பேணி நாலு பேருக்குப் போகும். மூக்கு மெல்லியதாக இருப்பதால் சூடான தேத்தண்ணி ஒல்லியான தாரையாக இறங்கி, வாய்க்கு வருமுன்பே காற்றில் கொஞ்சம் ஆறும்.

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பிறந்த சிக்கன விளக்கையும் சொல்லவேண்டும். ஒரு ஜாம் போத்தல். அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். அதிலிருந்து ஒரு சிறு குழாய்க்குள்ளால் நூல்திரி. போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. எண்ணெயைப் பஞ்சு நுண்துளைகளில் பிடித்து வைத்திருப்பதால் தட்டுப்பட்டு விழுந்தாலும் கொட்டாது. சுடர் சின்னதாகையால் எண்ணெய் மெல்ல மெல்லத்தான் போகும். நான் பெருக்கல் வாய்பாடு படித்தது அந்த வெளிச்சத்தில். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓடவிட்டோம். டெசாவில் ஒரு சைக்கிள் கதிரையானது. இங்கே ஒரு சைக்கிள் மின்நிலையமானது. பிரோயரின் பெயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாம் போத்தலுக்குள் முதன்முதலில் பஞ்சை வைத்த அக்காவோ அண்ணையோ யார்?

அதனால்தான் இப்போது நான் ஒரு கொப்பியும் அளவு நாடாவுமாகத் திரிகிறேன். புதுக்குடியிருப்பைச் சுற்றி, எங்கள் ஓடாவியார்கள் செய்த கதிரை, வாங்கு, அலுமாரி எது மிஞ்சியிருந்தாலும் போய் அளந்து வரைந்து வருகிறேன். அதிகம் இல்லை. பல வீடுகளில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த பிளாஸ்டிக் கதிரைகள்தான்.

சென்ற ஆவணியில் தேவிபுரத்தில் ஒரு சாய்மனைக் கதிரையை அளந்தேன். பாலை மரம், தண்ணீரில் போட்டால் தாழும் மரம். இருவராகத்தான் வெளியே தூக்கினோம். அது 2008க்கு முன்பே வவுனியாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பியது. வலக் கைப்பிடியின் நுனி பெருவிரல் தேய்த்துத் தேய்த்து வழுவழுத்துப் பள்ளமாகியிருந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாக்கும் துளையும். ஆனால் அந்த வீட்டின் புதுச் சீமெந்து நிலத்தில் வைத்தால் கதிரை ஆடியது. அப்பாச்சி சொன்ன மாதிரித் திருப்பிப் பார்த்தேன். அசையாமல் நிற்கவில்லை. கவிழ்த்து நாலு காலையும் அளந்தேன். இடப் பின்கால் மற்றதை விட இரண்டு நூல் குறைவு. தேய்ந்ததாக இருக்கும் என்றேன். அடிமுகத்தில் வாள் ஓடிய கோடு அப்படியே இருந்தது. தேய்வு இல்லை, வெட்டு.

வீட்டுக்கார அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது தம்பி, எங்கட பழைய வீட்டு விறாந்தை அந்த மூலையில கொஞ்சம் மிதந்து நிண்டது. ஐயா அதிலதான் எப்பவும் இருப்பார். ஓடாவியார் வந்து பார்த்துப்போட்டு அந்தக் காலைக் குறைச்சவர்" என்றார்.

அந்த வீடு இப்போது இல்லை. கொப்பியில் நாலு காலின் அளவையும் தனித்தனியாக எழுதிக்கொண்டேன்.